திராட்சை ரகம் உருவாக்குகிறவர் வாழ்க்கை: கேட்டவைக்கு என் பதில்கள்

தோட்டக்கலை படித்துவிட்டு சில வருடம் திராட்சையில் ஒட்டும் கலப்பும் செய்து பார்த்தவன் என்பதால், அமெரிக்கத் திராட்சை விஞ்ஞானி ஹரால்ட் ஓல்மோ பற்றி எழுதச் சொல்லி நச்சரித்தீர்கள். தனியாகக் கட்டுரை எழுத எனக்கு வராது. வந்த கேள்விகளை வைத்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி (பெரியகுளம் மாணவி): ஓல்மோ யார் சார்? எங்கள் பாடத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது.

அந்த ஒரு வரி போதாதும்மா. 1909-ல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். பெர்க்லியில் மரபியலில் முனைவர் பட்டம் வாங்கியது 1934-ல். ஆனால் 1931-லேயே டேவிஸில் இருந்த கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் திராட்சைத் துறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அந்த வருடத்தைக் கவனியுங்கள். அமெரிக்காவில் மதுவிலக்கு முடிந்தது 1933-ல்தான். ஒயின் விற்பதே குற்றமாக இருந்த நாட்டில் ஒருவர் ஒயின் திராட்சை ஆராய்ச்சிக்குப் போகிறார். வீட்டில் என்ன சொன்னார்களோ! 1977-ல் ஓய்வு பெற்றார், 2006-ல் 96 வயதில் காலமானார். அவர் கைவண்ணத்தில் வந்த ரகங்கள் முப்பதுக்கு மேல்.

கேள்வி (சென்னை, ஐடி வேலை): இரண்டு திராட்சையைக் "கலப்பது" என்றால் நிஜமாக என்ன செய்வார்கள்? ஊசியா?

ஊசி இல்லை தம்பி, கூர்மையான சிறு இடுக்கி. திராட்சைப் பூவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, பச்சையாக இருக்கும். மற்ற பூக்களைப்போல இதழ் விரியாது. இதழ்கள் ஒன்றாய் ஒட்டி ஒரு தொப்பிபோல மூடியிருக்கும், நேரம் வந்ததும் அந்தத் தொப்பி கீழிருந்து பிய்ந்து விழுந்துவிடும். நாம் வளர்க்கும் ரகங்களில் ஒரே பூவில் ஆணும் பெண்ணும் இருப்பதால், அதற்கு முந்தியே நாம் போய்விட வேண்டும். இடுக்கியால் தொப்பியை மெல்லக் கிள்ளினால் உள்ளே இருக்கும் ஐந்து மகரந்தப் பைகளும் அதோடு வந்துவிட வேண்டும். நடுவில் இருக்கும் சூலகத்தில் கீறல் விழுந்தால் அந்தப் பூ போச்சு. ஒரு குலையில் நூற்றுக்கணக்கான மொட்டுகள் இருக்கும். முடிந்தவரை இப்படிக் கிள்ளிவிட்டு, மீதியை வெட்டிப் போட்டு, குலைக்குக் காகித உறை போட்டுக் கட்டி, ஓரிரு நாளில் தகப்பன் ரகத்தின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவ வேண்டும். நான் முதல் நாள் செய்தபோது பாதிக்குப் பாதி சூலகத்தைக் கெடுத்துவிட்டேன், சாயங்காலம் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

பழம் பழுத்ததும் விதையை எடுத்து ஏறக்குறைய மூன்று மாதம் குளிரில், ஈரத்தில் வைத்தால்தான் முளைக்கும். முளைத்த ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம். காய்க்க மூன்று நான்கு வருடம். அப்புறம்தான் உண்மையான வேலை, அதாவது பிடுங்கி எறிகிற வேலை.

கேள்வி (அதே தம்பி): ஒரு ரகம் வெளிவர மொத்தம் எத்தனை வருடம்?

ஓல்மோவின் கணக்கையே சொல்கிறேன். ரூபி கேபர்நே: கலப்பு 1936, வெளியீடு 1948. பன்னிரண்டு வருடம். இது வேகமான கதை. சிம்பனி என்ற மணமுள்ள வெள்ளை ரகத்தைக் கலந்தது 1948-ல், அது விவசாயிகள் கைக்கு வந்தது 1980-களின் தொடக்கத்தில். அவர் ஓய்வு பெற்றதற்கும் பிறகு! ஐந்து வருடத் திட்டம், மூன்று வருட நிதி என்று கணக்குப் போடும் ஆளுக்கு இந்த வேலை ஒத்துவராது.

கேள்வி (மதுரை, ஒயின் ஆர்வலர்): ரூபி கேபர்நே, பேர்போன பிரெஞ்சு சிவப்பு ஒயின் ரகமான கேபர்நே சாவினியோன் தரத்துக்கு வந்ததா?

வரவில்லை. இதை ஒளித்துப் பயனில்லை. அவர் தீர்க்க முயன்ற பிரச்சினையே வேறு. கலிபோர்னியாவின் மத்திய பள்ளத்தாக்கில் வெயில் கொளுத்தும். அங்கே நல்ல ஒயின் ரகங்களை நட்டால் புளிப்பு இறங்கிவிடும், சாறு சப்பென்று ஆகிவிடும். அதனால் வெயிலையும் விளைச்சலையும் தாங்கும் கரின்யான் என்ற ரகத்தை கேபர்நே சாவினியோனோடு கலந்தார். கிடைத்தது சூட்டிலும் புளிப்பு குறையாத, நன்றாகக் காய்க்கிற ஒரு சிவப்பு ரகம். குடம் குடமாக விற்கும் சாதாரண ஒயினுக்கு அது உதவியது. ஒயின் வாங்குகிறவர்கள் பழைய பிரெஞ்சுப் பெயருக்குத்தான் காசு கொடுப்பார்கள், புதுப் பெயருக்கு இல்லை. அவருடைய மற்ற ஒயின் ரகங்களான எமரால்ட் ரீஸ்லிங், கார்னீலியன், செஞ்சூரியன் எல்லாம் இதே சுவரில் முட்டிக்கொண்டவைதான்.

என்னைக் கேட்டால் அவருடைய கலப்புகளில் பெரிய வெற்றி யாரும் பெருமையாகப் பேசாத ரூபிரெட். பெரும்பாலான கறுப்புத் திராட்சைக்கும் நிறம் தோலில்தான், சதை வெளுப்பு. இதற்குச் சதையே சிவப்பு, கையில் பட்டால் இலேசில் போகாது. 1958-ல் வெளியிட்டார். இன்றும் கலிபோர்னியாவில் பெருமளவில் விளைகிறது, சாற்றுக்கும் ஒயினுக்கும் நிறம் கூட்டும் அடர்சாறாகப் போகிறது. குப்பியில் பெயர் இருக்காது. சார்டனே என்ற வெள்ளை ஒயின் ரகத்தின் கதையும் இப்படித்தான். விளைச்சல் இல்லை என்று ஒதுக்கப்பட்டிருந்த ரகத்தில் நன்றாகக் காய்க்கும் கொடிகளை 1950-களில் தேடிப் பிரித்தெடுத்தார், வைரஸ் நீக்கிய பிறகு அவை பரவின. புது ரகமே இல்லை, பழையதில் நல்ல கொடியைக் கண்டுபிடித்த வேலை. கலிபோர்னியா ஒயினை மாற்றியது அவருடைய எந்தக் கலப்பு ரகத்தையும்விட இதுதான் என்பேன்.

கேள்வி (கோயம்பேடு பழ வியாபாரி): நாங்கள் விற்கும் ரெட் குளோப் அவருடையதா?

ஆமாண்ணே. தன் உதவியாளர் கொயாமாவோடு சேர்ந்து உருவாக்கி 1980-ல் வெளியிட்டது. கோலிக்குண்டைவிடப் பெரிய பழம், கெட்டித் தோல், கப்பலில் போனாலும் தாங்கும். விதை உண்டு, ருசி சுமார், ஆனால் பெட்டியைத் திறந்தால் கண்ணைப் பறிக்கும். அது போதுமே உங்களுக்கு!

கேள்வி (லூதியானாவில் வேலை பார்க்கும் தமிழர்): இங்கே பெர்லெட் என்று ஒன்று விற்கிறார்களே?

அதுவும் அவருடையதுதான், 1946. ஒரு ஹங்கேரி ரகத்தை சுல்தானினா மார்பிள் என்ற விதையில்லாத ரகத்தோடு கலந்தது. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் அது பரவியதற்குக் காரணம் ருசி இல்லை, அவசரம். மழை வருவதற்கு முன் பழுத்துவிடும். ஆனால் குலை நெருக்கமாகக் காய்க்கும், பழம் ஒன்றையொன்று நெரித்து வெடிக்கும். அதனால் பூ நேரத்தில் தூரிகையால் சீவிவிட்டுக் கலைப்பார்கள். தோட்டத்துப் பக்கம் போனால் பாருங்கள்.

கேள்வி (பெரியகுளம் மாணவி): விதையில்லாத கொடியிலிருந்து எப்படி சார் வாரிசு வரும்?

நல்ல கேள்வி. விதையில்லாதது என்கிறோமே, அதில் விதை உருவாகத் தொடங்கி நடுவில் நின்றுபோகிறது. ஆனால் மகரந்தம் நன்றாகவே வேலை செய்யும். அதனால் ஓல்மோ காலத்தில் விதையில்லாதது எப்போதும் தகப்பன், விதையுள்ளது தாய். பிள்ளைகளில் சிறு பங்குதான் விதையில்லாமல் வரும், மற்றதெல்லாம் அடுப்புக்கு. நின்றுபோகும் கருவை முன்கூட்டியே எடுத்து ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் முறை 1980-களில்தான் வந்தது.

கேள்வி (திருநெல்வேலி): அவரைச் சாகசக்காரர் என்கிறார்களே, பேராசிரியருக்கு என்ன சாகசம்?

காட்டுத் திராட்சையைத் தேடி 1948-ல் ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கம் போனார். வளர்ப்புத் திராட்சையின் மூதாதைக் கொடியில் ஆண் தனிக்கொடி, பெண் தனிக்கொடி. அதையும் உள்ளூர் ரகங்களையும் பார்த்து, சேகரிப்பது நோக்கம். 1955-ல் மேற்கு ஆஸ்திரேலியா போய் சில மாதம் சுற்றிவிட்டு, மவுண்ட் பார்க்கர், பிராங்க்லாந்து பகுதி ஒயின் திராட்சைக்கு ஏற்றது என்று அறிக்கை கொடுத்தார். அப்போது அங்கே ஆப்பிள் மரமும் ஆடும்தான். இன்று அது பெயர் பெற்ற ஒயின் பகுதி.

கேள்வி (கம்பம் விவசாயி மகன்): எனக்கும் இந்த வேலை பிடித்திருக்கிறது. எங்கே தொடங்குவது?

தம்பி, உங்கள் ஊர்ப் பந்தலிலேயே தொடங்கிவிட்டீர்கள். பன்னீர் திராட்சைக்குக் கவாத்து எடுக்கத் தெரிந்த பையனுக்குக் கல்லூரியில் பாதி வேலை மிச்சம். பி.எஸ்சி. தோட்டக்கலை பெரியகுளத்திலேயே இருக்கிறது. மேற்படிப்புக்குப் பழவியலோ மரபியலோ எடுங்கள், முனைவர் பட்டம் கட்டாயம். தேனி மாவட்டத்தில் ஆனைமலையான்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, புனேயில் தேசிய திராட்சை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இரண்டையும் ஒருதரம் போய்ப் பாருங்கள். புள்ளியியலை மட்டும் ஏமாற்றிப் படிக்காதீர்கள், பின்னால் அழுவீர்கள்.

கேள்வி (கோவை, இல்லத்தரசி): கடையில் வாங்கிய ரெட் குளோப் விதையைத் தொட்டியில் போட்டால் வருமா அண்ணா?

வரும்மா, ஆனால் ரெட் குளோப் வராது. விதையைக் கழுவி, ஈர மணலில் கலந்து, டப்பாவில் அடைத்து மூன்று மாதம் ஃபிரிட்ஜில், காய்கறி வைக்கும் தட்டில் வையுங்கள். வீட்டில் யாரும் தூக்கி எறியாமல் மேலே பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். பிறகு மண்ணில் போடுங்கள். முளைத்தால் அது உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு கொடி. பெரும்பாலும் புளிக்கும். முதல் குலை வந்ததும் ஒரு போட்டோ அனுப்புங்கள்.