மல்லி தழைஞ்சு நிக்குது, மொட்டே காணோம்: வெயில்ல என்ன உரம் போடறது?

குரோம்பேட்டையிலேர்ந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "மொட்டை மாடில நாலு தொட்டி குண்டுமல்லி, ரெண்டு செம்பருத்தி வச்சிருக்கேன். வாரா வாரம் கடலைப் புண்ணாக்கு தண்ணி ஊத்தறேன், மாசம் ஒரு ஸ்பூன் யூரியா போடறேன். வெயிலுக்குப் பயந்து பச்சை வலையும் கட்டிட்டேன். மல்லி நல்லா தழைஞ்சிருக்கு, மொட்டு மட்டும் வைக்கல. செம்பருத்தில மொட்டு மஞ்சளாகி உதிருது. கைப்பிடிச் சுவர் மேல இருக்கற பத்து மணிப்பூவுக்கு ஒண்ணுமே போடறதில்ல, அது மட்டும் கொள்ளையா பூக்குது. இன்னும் என்ன உரம் வாங்கணும்?"

ஒண்ணும் வாங்க வேண்டாம்மா, முதல்ல யூரியா டப்பாவ எடுத்து உள்ள வைங்க. யூரியால 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், கடலைப் புண்ணாக்குலயும் 7 சதவீதம் போல இருக்கு, ரெண்டும் சேர்ந்து போனா செடி இலையாத்தான் விடும், மொட்டு வைக்கணும்னே அதுக்குத் தோணாது. நிலத்துல நிக்கற மல்லிக்கு நம்ம வேளாண் பல்கலைக்கழகம் சொல்ற கணக்கப் பாருங்க, ஒரு செடிக்கு வருஷத்துக்கு தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 120, சாம்பல் சத்து (பொட்டாசியம்) 120, அதையும் ரெண்டாப் பிரிச்சு நவம்பர்ல கவாத்து பண்ணதும், அதாவது கிளைய வெட்டி விட்டதும் பாதி, ஜூன் ஜூலைல பாதி. தழைச்சத்து மத்த ரெண்டுல பாதிதான். நீங்க போடறது அப்படியே தலைகீழா இருக்கு, அதுவும் தொட்டில, தொட்டிக்கு இந்தக் கணக்குல கால்வாசி கூட வேண்டாம்.

இன்னொண்ணு, அந்த வலைய மல்லி மேலேர்ந்து எடுத்துடுங்க. தினமும் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் பட்டாத்தான் மல்லி மொட்டு வைக்கும், மார்ச்லேர்ந்து ஜூன் வரைக்கும் அது சீசனே வெயிலாலதான். சுடறது செடிக்கில்ல, தொட்டிக்கு. மத்தியானம் ரெண்டு மணிக்கு தொட்டியோட பக்கத்துல கை வச்சுப் பாருங்க, வைக்க முடியாது, உள்ள வேர் வெந்துட்டு இருக்கும். தொட்டிய தரைலேர்ந்து ரெண்டு செங்கல் மேல தூக்கி வைங்க, சாக்கு சுத்துங்க, மண்ணு மேல சருகோ தேங்காய் நாரோ ரெண்டு விரக்கடை மூடாக்கு போடுங்க. இதுக்கு அப்புறம்தான் உரப் பேச்சே.

தொட்டி விளிம்புல வெள்ளையா படிஞ்சிருக்கான்னு பாருங்க, நகத்தால சுரண்டினா பொடியா வரும். அது உப்பு, போர் தண்ணிலேர்ந்தும் வரும், போட்ட உரத்துலேர்ந்தும் வரும். இலை ஓரம் கருகறது பாதி நேரம் இதாலதான், நாம வெயில்னு நினைச்சுக்கறோம். ஒருநாள் காலைல நல்ல தண்ணியா அடிவழியா ஓடற வரைக்கும் மெதுவா ஊத்தி, கால் மணி நேரம் விட்டு மறுபடி ஊத்துங்க, இப்படி மூணு தடவை. அப்புறம் ரெண்டு வாரம் வெறும் தண்ணி மட்டும்.

அந்த ரெண்டு வாரத்துல ஒரு வேலை இருக்கு. மல்லி மொட்டு புதுத் துளிர் நுனிலதான் வரும், அதனால நீளமா கொடி மாதிரி ஓடின கிளைய எல்லாம் நுனிலேர்ந்து அரை அடி வெட்டி விடுங்க, மனசு வராது, பரவால்ல வெட்டுங்க. ஒவ்வொரு வெட்டுக்கும் கீழ ரெண்டு துளிர் வரும். ஒரு ஈடு, அதாவது ஒரு சுத்து பூத்து முடிஞ்சதும் இதே மாதிரி நுனி கிள்ளணும்.

அப்புறம் தீனி. 100 கிராம் புண்ணாக்க ஒரு லிட்டர் தண்ணில ரெண்டு நாள் ஊற வைங்க, வெயில் காலத்துல அதுவே போதும், மூணாவது நாள் வாடை தாங்காது. தெளிவ எடுத்து பத்து மடங்கு தண்ணி கலந்து தொட்டிக்கு ஒரு மக், பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா. சாயங்காலம் சாதா தண்ணி ஊத்தி மண் நனைஞ்சதுக்கு அப்புறம்தான் இது, காஞ்ச மண்ணுல எந்த உரமும் போகக் கூடாது, வேர் கருகிடும். நடுவுல ஒருதடவை மக்கின தொழு உரமோ மண்புழு உரமோ ரெண்டு கைப்பிடி. விறகுச் சாம்பல்ல சாம்பல் சத்து இருக்குதான், ஆனா உங்க தண்ணி உப்புத் தண்ணின்னா வேண்டாம், மண்ணுல காரத்தன்மை (அமிலத்துக்கு எதிர்) இன்னும் ஏறிடும். அப்படிக் காரமான மண்ணுல இளசு இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிக்கும், அது இரும்புச் சத்து எடுக்க முடியாத அடையாளம், அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைச்சு இலைல அடிச்சா சரியாகும். கத்திரி வெயில்ல, அதாவது மே 4லேர்ந்து மாசக் கடைசி வரைக்கும், நான் புண்ணாக்குத் தண்ணியக் கூட இன்னும் பாதியா குறைச்சுடுவேன்.

மொட்டு வந்ததுக்கு அப்புறம் ஊதா நிறமா மாறி ஓட்டை தெரிஞ்சா மொட்டுப்புழு, அந்த மொட்டுகள பறிச்சு நசுக்கிப் போடுங்க, தொட்டிலயே விட்டுடாதீங்க.

செம்பருத்தி கதை வேற. வெயில்ல ஒரு வேளை தண்ணி தப்பினாலே மொட்ட உதிர்த்துடும், அதுக்கு காலைல ஒருதடவை சாயங்காலம் ஒருதடவை கட்டாயம். மொட்டுக் காம்ப திருப்பிப் பாருங்க, பஞ்சு மாதிரி ஒட்டிட்டு எறும்பு ஏறி இறங்கினா மாவுப்பூச்சி. தண்ணிய வேகமா பீச்சி அடிச்சு விரட்டிட்டு, வேப்பெண்ணெய் 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல், ஒரு லிட்டர் தண்ணி, வெயில் தாழ்ந்தப்புறம் அடிங்க, வாரம் ஒண்ணு வீதம் மூணு வாரம்.

பத்து மணிப்பூவ அப்படியே விடுங்க, அதுக்கு வெயிலும் வடியற மண்ணும் போதும். ஒரு சாண் கிள்ளி வேற தொட்டில செருகினா அதுவும் பிடிச்சுக்கும், பக்கத்து வீட்டுக்கும் ரெண்டு கிள்ளிக் குடுங்க. என் மாடில இந்த வாரம் அது மஞ்சளும் ராணி கலருமா விரிஞ்சிருக்கு, மல்லி ரெண்டாவது ஈடு, நேத்து ஒரு முழம் கட்டற அளவுக்கு வந்துச்சு. உங்க மல்லி இப்ப வெட்டினீங்கன்னா ஒரு மாசத்துல மொட்டு தெரியணும். தெரியலன்னா ஒரு துளிரையும் அடி இலை ஒண்ணையும் கிட்டப் போய் போட்டோ எடுத்து அனுப்புங்க, பார்த்துச் சொல்றேன்.