அந்த 'ஏதோ' என்னவென்று கேட்டீர்களா?

கேள்வி: எனக்கு 29 வயது. கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இதை விட்டுவிட்டு உள்ளரங்க வேளாண்மைத் துறைக்குப் போக விரும்புகிறேன். இணையவழியில் ஆறு மாதப் பயிற்சி ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். முடித்தால் பண்ணை மேலாளர் ஆகலாம் என்கிறார்கள். கட்டணத்துக்கும், பிறகு சிறிய பண்ணை ஒன்று போடுவதற்கும் அப்பாவின் ஓய்வுக்காலப் பணத்தில் ஒரு பகுதியைக் கேட்டேன். 'படித்தவன் செய்கிற வேலையா இது' என்று மறுக்கிறார். எனக்கு அனுபவம் இல்லாமல் இல்லை. எட்டு மாதங்களாக வீட்டின் பின்னறையில் எல்இடி விளக்குகள் வைத்து, மண்ணே இல்லாமல் தொட்டித் தண்ணீரில் 48 லெட்டூஸ் (சாலட் கீரை) செடிகள் வளர்க்கிறேன். நான் இரவு தாமதமாக வருவதால் அம்மாதான் காலையில் தண்ணீரின் பிஹெச் (அமில, காரத் தன்மையின் அளவு) பார்த்து நோட்டில் எழுதி வைப்பார். ஒருமுறை செடிகள் எல்லாம் திடீரென்று வாடிவிட்டன. அம்மா ஏதோ செய்து காப்பாற்றிவிட்டார். அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: இந்த வகைக் கடிதம் எனக்குப் புதிதல்ல. துறையின் பெயர்தான் மாறும். பிள்ளையிடம் ஒரு கனவு, தந்தையிடம் ஒரு சேமிப்பு, இரண்டுக்கும் நடுவே என்னைத் தூது போகச் சொல்லும் ஒரு கேள்வி. தூது போக எனக்கு விருப்பமில்லை. கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒரே ஒரு சொல்லில் கண் நின்றுவிட்டது. "அம்மா ஏதோ செய்து காப்பாற்றிவிட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஏதோ என்றால் என்ன?

மண்ணில் நிற்கும் செடி வாடினால் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று குழந்தைக்கும் தோன்றும். வேர் முழுவதும் தண்ணீரில் கிடக்கும்போதே இலை துவண்டு தொங்கினால் என்ன செய்வது? தண்ணீரைச் சுழற்றும் பம்ப் நின்று, வேருக்குக் காற்று கிடைக்காமல் மூச்சு முட்டியிருக்கலாம். விளக்குச் சூட்டில் தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாகியிருக்கலாம். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும் என்றால், 30 டிகிரியில் ஏழரைக்குச் சற்று மேல்தான் தாங்கும். அந்தச் சூட்டில் பித்தியம் என்னும் வேரழுகல் நோயும் எளிதில் பிடிக்கும். அப்போது வெள்ளையாக இருந்த வேர் பழுப்பேறி வழுவழுக்கும். விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு வர, உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். இவை எதுவுமே இல்லாமல், செடி குடித்துக் குறைத்த தண்ணீரை ஈடுகட்ட வெறும் தண்ணீருக்குப் பதிலாக ஒவ்வொரு முறையும் ஊட்டக்கரைசலையே (உரம் கலந்த தண்ணீரையே) ஊற்றியதால் உப்பு ஏறி, வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாமல் போயிருக்கவும் கூடும்.

நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு. பம்ப்பைச் சரிசெய்தால் முதலாவது தீரும். நோய் பிடித்த தொட்டியில் அதே பம்ப் நோயை 48 செடிக்கும் பரப்பிவிடும். ஒன்றுக்கான மருந்தை மற்றொன்றுக்குச் செய்தால் செடி போய்விடும். உங்கள் செடிகள் போகவில்லை. அப்படியென்றால் உங்கள் அம்மா நின்று பார்த்திருக்கிறார், தொட்டுப் பார்த்திருக்கிறார், இது இன்னதுதான் என்று ஒரு முடிவுக்கு வந்து அதற்கேற்றதைச் செய்திருக்கிறார். பண்ணையில் சம்பளம் கொடுத்து ஆளை வைத்துக்கொள்வதே இதற்காகத்தான். உங்கள் பின்னறையில் அது இலவசமாக நடந்தது. அதற்கு நீங்கள் வைத்த பெயர் 'ஏதோ'.

நீங்கள் தணிக்கை அலுவலகத்தில் இருக்கிறீர்கள். ஒரு நிறுவனத்தின் பதிவேட்டைத் திறந்து பார்க்காமலே கையெழுத்துப் போடுவீர்களா? உங்கள் வீட்டில் எட்டு மாதப் பதிவேடு ஒன்று உங்கள் தாயின் கையெழுத்தில் இருக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட எழுதாமல், 'வளர்க்கிறேன்' என்று தன்மையில் எழுதுகிறீர்கள். விளக்கை வாங்கியவர் நீங்கள். வளர்ப்பவர் உங்கள் அம்மா. வீட்டுப் பெண்கள் செய்வதை வேலை என்று எண்ணாத பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் அந்த வேலையையே தன் அனுபவமாகக் காட்டி ஒருவர் பணம் கேட்பதை நான் மன்னிக்கத் தயாரில்லை.

இனி அப்பாவிடம் வருகிறேன். 'படித்தவன் செய்கிற வேலையா' என்று அவர் சொன்னது வறட்டுக் கௌரவமாகவே இருக்கலாம். ஆனாலும் நீங்கள் தூங்கும் நேரத்தில் மனைவி குனிந்து தொட்டியைப் பார்ப்பதை எட்டு மாதங்களாகக் காண்கிற மனிதர் அவர். பண்ணை போட்டால் அங்கேயும் குனியப் போவது யார் என்ற கணக்கு அவர் மனத்தில் ஓடியிருக்கும் என்பது என் ஊகம். மனைவியை வைத்துக்கொண்டு அதை வெளிப்படையாகச் சொல்ல முடியாமல், வாய்க்கு எளிதாக வந்த காரணத்தைச் சொல்லியிருப்பார். ஊகம் சரியோ தவறோ, ஓய்வுபெற்ற தந்தையின் பணத்தை, கையில் வேலையுள்ள மகன் தன் தொழில் சோதனைக்குக் கேட்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. பத்தாம்பசலி என்று நீங்கள் சொல்லிக்கொள்ளலாம். அது அவர்கள் இருவரின் மருத்துவச் செலவுக்கும் தன்மானத்துக்குமான பணம். உங்கள் பங்கை முன்கூட்டியே பிரித்துக் கொடுப்பதற்காகச் சேர்த்தது அல்ல.

அதுவும் எந்தத் துறைக்குக் கேட்கிறீர்கள் என்று பாருங்கள். 2023 ஜூனில் ஏரோஃபார்ம்ஸ் என்ற உள்ளரங்கப் பண்ணை நிறுவனமும், அடுத்த மாதமே பெரிய பசுமைக்குடில்களை நடத்திய ஆப்ஹார்வெஸ்ட் நிறுவனமும் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கேட்டு நின்றன. 2024 நவம்பரில் பவரி ஃபார்மிங் என்ற மற்றோர் உள்ளரங்கப் பண்ணை நிறுவனம் மூடப்பட்டது. முதலீட்டுக்கோ தொழில்நுட்பத்துக்கோ பஞ்சமில்லாத நிறுவனங்கள் இவை. சூரியன் சும்மா கொடுப்பதை மின்கட்டணம் கட்டி வாங்கி, விளக்கு உண்டாக்கிய சூட்டை மறுபடியும் மின்கட்டணம் கட்டி வெளியேற்றி, பெரும்பகுதி தண்ணீராகவே இருக்கும் ஓர் இலையை விற்றுப் பிழைக்க வேண்டிய தொழில் இது. மின்சாரம், கூலி, கழிவு மூன்றிலும் பைசா பைசாவாகக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவருக்கே கட்டுப்படியாகும். உங்கள் தணிக்கைப் படிப்பு உண்மையிலேயே உதவக்கூடிய இடம் அதுதான். கடிதத்தில் அதைப் பற்றி நீங்கள் மூச்சுவிடவில்லை.

பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அரிசோனா பல்கலைக்கழகமும் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகமும் பசுமைக்குடில்களை வைத்துக்கொண்டுதான் இந்தத் துறையைக் கற்பிக்கின்றன. திரைக்கு முன்னால் உட்கார்ந்து வேதியியலைப் படிக்கலாம்; காற்றைப் படிக்க முடியாது. லெட்டூஸின் உள் இலைகளில் ஓரம் கருகுகிறது என்று வையுங்கள். கால்சியம் குறை என்று பாடம் சொல்லும், நீங்களும் தொட்டியில் கால்சியத்தைக் கொட்டுவீர்கள். பல சமயம் தொட்டியில் கால்சியம் போதிய அளவு இருக்கும். காற்று அசையாமல் ஈரம் கட்டிக் கிடப்பதால் இளம் இலை நீரை ஆவியாக வெளிவிடாது, அதனால் நீரோடு ஏற வேண்டிய கால்சியமும் ஏறாது. அங்கே தேவைப்படுவது ஒரு மின்விசிறி. அந்த அறைக்குள் நுழைந்து, காற்று முகத்தில் படுகிறதா என்று நின்று பார்த்தவருக்கே இது தெரியும். எனவே கட்டணம் கட்டும் முன் அந்தப் பயிற்சிக்காரர்களிடம் கேளுங்கள்: உண்மையான பசுமைக்குடிலில் என் கை எத்தனை மணி நேரம் நனையும்? அறுவடைக்குப் பின் குழாய்களைக் கழுவுவது யார்? அவர்கள் மழுப்பினால், மேலாளர் பதவி என்ற பேச்சையும் அந்தக் கணக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். நாளைக் காலையிலிருந்து 90 நாட்களுக்குத் தொட்டி உங்கள் பொறுப்பு. அலுவலகம் போகும் முன் எழுந்து பிஹெச், மின்கடத்துதிறன் (தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் அளவு), தண்ணீரின் சூடு மூன்றையும் நீங்களே பாருங்கள். இரவு தாமதமாக வருகிறேன் என்பதை என்னிடம் சொல்லாதீர்கள். உள்ளரங்கப் பண்ணையில் எச்சரிக்கை மணி நேரம் பார்த்து அடிப்பதில்லை. 90 நாட்களும் தவறாமல் செய்த பிறகும் ஆசை மிச்சமிருந்தால், விடுமுறை நாட்களில் ஏதாவது ஒரு பசுமைக்குடிலில் கூலியாளாகப் போய் நாற்று நடுங்கள், குழாய் கழுவுங்கள். கட்டணத்தை உங்கள் சம்பளத்திலிருந்து சேருங்கள். அதுவரை அப்பாவிடம் இந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

இன்றிரவு அம்மாவிடம் அந்த நோட்டை வாங்கி, செடிகள் வாடிய நாளின் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அன்று முதலில் எதைக் கவனித்தார், எதைச் சந்தேகித்தார், எதைச் செய்யாமல் விட்டார் என்று கேட்டு, அவர் சொல்வதை உங்கள் கையால் எழுதுங்கள். அப்படியே அந்த பிஹெச் மீட்டரையும் எடுத்துப் பாருங்கள். அதன் முனை உலரவே கூடாது. வெறும் தண்ணீரில் ஊறவும் கூடாது, அதற்கென்று உள்ள கரைசலில்தான் இருக்க வேண்டும். பிஹெச் 4, 7 ஆகிய கரைசல்களில் அவ்வப்போது நனைத்துச் சரிபார்க்கவும் வேண்டும். இல்லையென்றால் எட்டு மாத எண்களையும் நம்ப முடியாது. முனை தண்ணீரில் ஊறிக் கிடந்தால் அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். பெட்டியோடு வந்த குறிப்புத்தாளைப் படித்துச் சொல்லியிருக்க வேண்டியவர் நீங்கள்.