கெர்னல் பழுது தேடும் வேலை: மூன்றாம் ஆண்டு மாணவியின் தந்தைக்கு ஒரு பதில்

அன்புள்ள ஐயா,

மூன்றாம் ஆண்டு இசிஇ படிக்கும் உங்கள் மகள், வளாகத் தேர்வுக்கான ஆப்டிட்யூட் வகுப்புகளில் மனம் செலுத்தாமல், லினக்ஸ் இயங்குதளத்தின் கெர்னலில் ஏற்படும் பழுதுகளைக் கண்டுபிடிக்கும் வேலைக்குத்தான் போவேன் என்று சொல்வதாகவும், இரவெல்லாம் கறுப்புத் திரையில் ஓடும் எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு வேலை உண்மையிலேயே இருக்கிறதா, இருந்தால் அது நம் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்குமா என்பது உங்கள் கேள்வி. வேலை இருக்கிறது. கிடைக்குமா என்பது உங்கள் மகளின் கையில் இப்போது என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதைக் கணினி படிக்காத நீங்களே மதிப்பிட ஒரு வழி உண்டு. அந்த வழியைச் சொல்வதற்கு முன் வேலையின் தன்மையைச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது.

கணினியிலும் கைப்பேசியிலும் நாம் பயன்படுத்தும் செயலிகள் எல்லாம் நினைவகத்தையும் வட்டையும் வலையமைப்பையும் நேரடியாகத் தொடுவதில்லை; கெர்னல் என்ற அடித்தள மென்பொருளிடம் கேட்டுத்தான் பெறுகின்றன. செயலி ஒன்று தவறு செய்தால் அந்தச் செயலி மட்டும் மூடிக்கொள்ளும், மற்றவை ஓடும். கெர்னலுக்குள் தவறு நேர்ந்தால் இயந்திரமே நின்றுவிடக்கூடும். 2024 ஜூலை 19 அன்று கிரௌட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்ததாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்ததைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். கிரௌட்ஸ்ட்ரைக் நிறுவனமே பின்னர் வெளியிட்ட விளக்கத்தின்படி, 20 உள்ளீடுகளை மட்டுமே பெற்றிருந்த நிரல் 21ஆவது உள்ளீட்டைப் படிக்க முயன்று, தனக்குரிய எல்லையைத் தாண்டிய நினைவகத்தைத் தொட்டுவிட்டது. இது சாதாரணச் செயலியில் நடந்திருந்தால் ஒரு சாளரம் மூடியிருக்கும், அவ்வளவுதான். அந்த நிரல் கெர்னலுக்குள் ஓடியதால் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. இத்தகைய தவறுகளைத் தேடிப் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு எப்போதும் தேவை இருப்பதன் காரணம் இதுதான்.

உங்கள் மகள் இரவில் பார்த்துக்கொண்டிருக்கும் எழுத்துகள் பெரும்பாலும் ‘ஊப்ஸ்’ என்று அத்துறையில் சொல்லப்படும் பதிவாக இருக்கும். லினக்ஸ் கெர்னல் தடுமாறி விழும்போது அந்த நொடியில் தன் நிலை என்ன என்பதை அச்சிட்டுவிட்டுப் போகும் குறிப்பு அது. அதைப் படிப்பது எப்படி என்று ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். நல் பாயின்டரை, அதாவது எதையும் சுட்டாத காலி முகவரியை, தொட்டதாகக் குற்றம் சொல்லும் வரியில் 0000000000000018 என்ற முகவரி அச்சாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்தவர் ‘நினைவகப் பிழை’ என்று எழுதிவிட்டு எழுந்துவிடுவார். பழகியவர், முகவரி பூச்சியமாக இல்லையே, 18 என்றல்லவா இருக்கிறது என்று கேட்பார். பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண்முறையில் 18 என்பது நம் கணக்கில் 24. ஆகவே ஏதோ ஒரு ஸ்ட்ரக்சரை (பல தரவு உறுப்புகளை அடுக்கி வைத்த தொகுப்பை) காட்ட வேண்டிய பாயின்டர் காலியாக இருந்திருக்கிறது, அந்த ஸ்ட்ரக்சரின் தொடக்கத்திலிருந்து 24 பைட் தள்ளியிருக்கும் உறுப்பைப் படிக்கப் போன இடத்தில் கெர்னல் விழுந்திருக்கிறது என்று ஊகித்து, எந்த ஸ்ட்ரக்சரில் அந்த இடத்தில் என்ன உறுப்பு இருக்கிறது என்று மூல நிரலில் தேடத் தொடங்குவார். அடுத்து, எந்தச் சார்பின் (ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் நிரல் பகுதியின்) எத்தனையாவது பைட்டில் விழுந்தது என்ற வரி; அதற்கும் கீழே, யார் யாரை அழைத்து அங்கே வந்து சேர்ந்தார்கள் என்ற கால் ட்ரேஸ். மூன்றையும் சேர்த்து வைத்தால் மூல நிரலின் குறிப்பிட்ட ஒரு வரிக்கு வந்துவிடலாம்.

ஆனால் அந்த வரி பழுது வெளிப்பட்ட இடம் மட்டுமே. பழுது உண்டான இடம் வேறெங்கோ, பல நிமிடங்களுக்கு முன்னால், தொடர்பில்லாத இன்னொரு டிரைவரில் (ஒரு வன்பொருளை இயக்கும் நிரலில்) இருக்கலாம். சோதனைக்கான வசதிகளை இயக்கி வைத்திருந்தால், விடுவிக்கப்பட்ட நினைவகத்தை லினக்ஸ் 6பி என்ற பைட்டால் நிரப்பி வைக்கும். எனவே பதிவில் 6பி6பி6பி என்று வரிசையாக ஒரு மதிப்பு தென்பட்டால், திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தை யாரோ இன்னும் கையில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். ஒரே பதிவில் அடுத்தடுத்துப் பல ஊப்ஸ் வந்திருந்தால் முதலாவதை மட்டுமே நம்ப வேண்டும், மற்றவை அதன் விளைவாக இருக்கலாம் என்பதும் பழகியவர்களுக்குத் தெரியும். இதில் மேதைமை எதுவும் இல்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் காரணம் கேட்கும் பழக்கமும், காரணம் தெரியாதவரை ‘சரியாகிவிட்டது’ என்று சொல்லாத பிடிவாதமும்தான் இருக்கின்றன.

அந்தப் பிடிவாதம் ஏன் வேண்டும் என்பதற்கு 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. ஜூலை 4 அன்று தரையிறங்கிய பிறகு சில நாட்களில் அதன் கணினி அவ்வப்போது தானாகவே மறுதொடக்கம் ஆகத் தொடங்கியது. விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற நிகழ்நேர இயங்குதளம் அதில் ஓடியது. வானிலைத் தரவுகளைத் திரட்டும் குறைந்த முன்னுரிமைப் பணி ஒரு பூட்டை (பொதுவான ஒன்றை ஒரு நேரத்தில் ஒரு பணி மட்டும் தொடவிடும் ஏற்பாட்டை) எடுத்து வைத்திருக்கும். அதே பூட்டுக்காக உயர் முன்னுரிமைப் பணி காத்திருக்கும். இடைப்பட்ட முன்னுரிமை கொண்ட வேறொரு பணி நடுவே புகுந்து ஓடுவதால், பூட்டை வைத்திருப்பவருக்கு அதை விடுவிக்கும் வாய்ப்பே கிடைக்காது. முக்கியப் பணி குறித்த நேரத்தில் முடியவில்லை என்று கண்ட காவல் ஏற்பாடு மொத்தக் கணினியையும் மறுதொடக்கம் செய்துவிடும். நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தினர் பூமியிலிருந்த மாதிரிக் கலத்தில் அதே நிலைமையைத் திரும்ப வரவழைத்து, பதிவுகளைப் படித்து, பூட்டு வைத்திருக்கும் பணிக்குத் தற்காலிகமாக உயர் முன்னுரிமை தரும் வசதியை இயக்கும்படி மாற்றி அனுப்பியதும் சிக்கல் தீர்ந்தது. இதில் நான் மாணவர்களுக்கு அழுத்திச் சொல்வது வேறொன்று: ஏவுவதற்கு முன் நடந்த சோதனைகளிலேயே இத்தகைய மறுதொடக்கம் எட்டிப் பார்த்திருந்தது, திரும்ப வரவழைக்க முடியாததால் காரணம் புலப்படாமல் போயிற்று. வந்து மறைந்த பழுதைத் திரும்ப வரவழைப்பதில்தான் இத்துறையில் பாதி நேரம் செல்கிறது. உங்கள் மகள் ஒரே கட்டளையை இரவு முழுவதும் ஓடவிட்டுக்கொண்டிருந்தால், அவர் நேரத்தை வீணடிப்பதாக உடனே முடிவு கட்டிவிடாதீர்கள்.

நீங்கள் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர் என்று எழுதியிருப்பதால் இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. ஃபீடர் டிரிப் ஆகி, பழுது எங்கே என்று தெரியாதபோது, நடுவிலுள்ள ஏபி சுவிட்சைத் திறந்து, பாதி லைனைப் பிரித்துவிட்டு, மின்சாரம் நிற்கிறதா என்று பார்ப்பீர்கள் அல்லவா? கெர்னலில் பழைய பதிப்பு ஒழுங்காக ஓடி, புதிய பதிப்பு விழுகிறது என்றால் இதே வழியைத்தான் கையாள்கிறார்கள். கிட் பைசெக்ட் என்று அதற்குப் பெயர். இரண்டு பதிப்புகளுக்கு நடுவே 14,000 மாற்றங்கள் நுழைந்திருந்தாலும், ஒவ்வொரு முறையும் பாதியைக் கழித்துக்கொண்டே வந்தால் ஏறத்தாழ 14 சோதனைகளில் குற்றவாளி மாற்றத்தை அடைந்துவிடலாம். மகளிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். அவருடைய வேலை உங்களுக்கு எளிதாகப் புரியும் இடம் இதுவாகத்தான் இருக்கும்.

கருவிகளைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. நிரலை நிறுத்தி ஆராய ஜிடிபி, கணினிக்குள் இன்னொரு கணினியைப் போலியாக ஓட்ட க்யூஎமு, கெர்னலின் ஓட்டத்தைத் தடம் பிடிக்க எஃப்ட்ரேஸ், பூட்டுத் தவறுகளைக் காட்ட 2006 முதல் கெர்னலிலேயே இருக்கும் லாக்டெப், நினைவகத் தவறுகளைப் பிடிக்க 2015இல் சேர்ந்த கேசான் ஆகிய அனைத்தும் இலவசம்.

இனி மதிப்பிடும் வழி. மகளிடம் சான்றிதழ்களைக் கேட்காதீர்கள். தானே தடம் பிடித்து மூல காரணம்வரை கண்டுபிடித்த ஒரே ஒரு பழுதைப் பற்றி இரண்டு பக்க அறிக்கை கேளுங்கள். பழுது எப்படித் தெரிந்தது, அதைத் திரும்ப வரவழைக்க என்ன செய்தார், பதிவில் எந்த எண் எதைக் காட்டியது, முதலில் எதைச் சந்தேகித்தார், அந்தச் சந்தேகம் எந்தச் சான்றால் பொய்யாயிற்று, உண்மையான காரணம் எது, திருத்திய பிறகு பழுது வரவில்லை என்பதை எப்படி உறுதி செய்தார் என்பவை அதில் இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் கலைச்சொற்கள் உங்களுக்குப் புரியாமல் போகலாம். ஆனால் ஒவ்வொரு ‘ஆகவே’க்கும் முன்னால் ஒரு சான்று இருக்கிறதா என்பது உங்களுக்குப் புரியும். கெர்னல் வேலைக்கான நேர்காணல்களிலும் ‘நீங்கள் கண்டுபிடித்த கடினமான பழுதைச் சொல்லுங்கள்’ என்ற கேள்வி வந்தே தீரும் என்று எதிர்பார்க்கலாம். இந்த அறிக்கை உள்ளவருக்கு அதற்கு விடை தயாராக இருக்கும்.

தொடங்குவதற்கு அவர் நேரடியாக லினக்ஸில் இறங்க வேண்டியதில்லை; மூன்று கோடி வரிகளைத் தாண்டிய நிரலில் முதல் நாளே வழி தவறிவிடும். எம்ஐடி தன் மாணவர்களுக்காக எழுதிய எக்ஸ்வி6 என்ற சிறிய இயங்குதளம், பயிற்சிகளோடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இப்போதைய பதிப்பு ரிஸ்க்-ஃபைவ் என்ற நுண்செயலி வகைக்காக எழுதப்பட்டது. சென்னை ஐஐடி உருவாக்கிய சக்தி நுண்செயலியும் அதே வகையைச் சேர்ந்தது என்பதால் நம் ஊரிலும் அந்த அறிவுக்கு மதிப்பு உண்டு. எக்ஸ்வி6 விழும்போது காரண எண் ஒன்றை அச்சிடும்: 13 என்றால் படிக்கப் போன இடத்தில் பக்கப் பழுது (தொடக்கூடாத அல்லது இல்லாத நினைவகப் பக்கத்தைத் தொட்டது), 15 என்றால் எழுதப் போன இடத்தில். பக்க அட்டவணைப் பயிற்சியை ஒருவர் முடிப்பதற்குள் இந்த இரண்டு எண்களும் மனப்பாடமாகிவிடும். அதன்பின் லினக்ஸுக்கு வரலாம். கூகுளின் சிஸ்பாட் என்ற தானியங்கி கண்டுபிடித்த கெர்னல் பழுதுகளின் பட்டியல் பொதுவெளியில் இருக்கிறது. அவற்றில் பலவற்றுக்குப் பழுதைத் திரும்ப வரவழைக்கும் சிறு நிரலும் கூடவே கிடைக்கிறது. பயிற்சிக்கு இதைவிட நல்ல வினாத்தாள் எந்தக் கட்டண வகுப்பிலும் இல்லை. லினக்ஸ் ஃபவுண்டேஷன் தொடக்க நிலையினருக்கு இலவசப் பாடமும், தேர்வு செய்யப்பட்டவர்களுக்கு வழிகாட்டித் திட்டமும் நடத்துகிறது. ஆகவே ‘நூறு சதவீத வேலை உறுதி’ என்று சொல்லி எம்பெடட் லினக்ஸ் (கருவிகளுக்குள் ஓடும் லினக்ஸ்) பயிற்சிக்குப் பெருந்தொகை கேட்கும் நிறுவனத்தில் இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம். கட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், அங்கே கையில் போர்டு (சிறு மின்னணுப் பலகைக் கணினி) கொடுத்து, வேண்டுமென்றே கெடுத்த டிரைவரைச் சரிசெய்யச் சொல்கிறார்களா, வெறும் ஸ்லைடு காட்டுகிறார்களா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வேலைச் சந்தையைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். கெர்னல் வேலைக்கென்று நம் மாவட்டக் கல்லூரிகளுக்கு நேரடியாக ஆள் எடுக்க வருபவர்கள் மிகக் குறைவு. குவால்காம் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறது. இன்டெல், ஏஎம்டி, டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், என்எக்ஸ்பி ஆகியவை பெங்களூரில் இருக்கின்றன. கோவையில் பாஷ் இருக்கிறது. இவற்றுள் புதியவர்கள் நுழையும் வாசல் பெரும்பாலும் டிரைவர் சோதனை, போர்டுகளில் லினக்ஸை ஏற்றி ஓடவைக்கும் பணி, வாடிக்கையாளர் அனுப்பும் பழுதுப் பதிவுகளை வகைப்படுத்தும் பணி ஆகியவையே. சோதனைப் பிரிவு என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். நாள்தோறும் புதிய பழுதுகளைப் பார்க்கும் இடம் அதுதான். தொடக்கச் சம்பளம் இணையச் செயலி எழுதும் நண்பர்களுடையதைவிடக் குறைவாக இருக்கவும் கூடும். அனுபவம் ஏறிய பின் இவர்களுக்கு மாற்று ஆள் கிடைப்பது கடினம் என்பதால் நிலைமை மாறுகிறது என்பது என் கணிப்பு.

ஆகவே வளாகத் தேர்வை விட்டுவிடலாம் என்று மகள் சொன்னால் அதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். இரண்டையும் செய்ய வேண்டும். பல நிறுவனங்கள் நிலுவையில் அரியர் இருந்தால் விண்ணப்பத்தையே வடிகட்டிவிடுகின்றன. நீங்கள் குறிப்பிட்டிருக்கும் கணித அரியரை அடுத்த தேர்விலேயே முடிக்கச் சொல்லுங்கள். கெர்னல் எத்தனை அழகாக இருந்தாலும் அந்தத் தாள் தானாக எழுந்து தேர்ச்சி பெறப்போவதில்லை. சேவை நிறுவனத்தில் வேலை கிடைத்தால் ஏற்கலாம். ஆனால் பாண்ட் இருந்தால் எத்தனை ஆண்டு, நடுவில் விலகினால் எவ்வளவு தொகை என்பதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். இறுதியாண்டுப் புராஜெக்டைக் கடையில் வாங்காமல், ஒரு போர்டுக்கு டிரைவர் எழுதுவதாக அமைத்துக்கொண்டால் பட்டமும் இந்த முயற்சியும் ஒன்றையொன்று இழுக்காது. கேட் தேர்வு நல்ல மாற்று வழி. அதில் மதிப்பெண் பெற்று எம்டெக் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும், கணினிக் கட்டமைப்பை ஆழமாகப் படிக்க இரண்டு ஆண்டுகளும் கிடைக்கும்.

ஏஐ வந்த பிறகு இந்த வேலை இருக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஊப்ஸ் பதிவைக் கொடுத்தால் அதற்கு விளக்கம் சொல்லும் திறன் அந்தக் கருவிகளுக்கு வந்துவிட்டது. அதை உங்கள் மகள் பயன்படுத்தட்டும். ஆனால் மூன்று நாளுக்கு ஒருமுறை, ஒரு குறிப்பிட்ட போர்டில், சூடேறிய பின் மட்டும் வரும் பழுதைத் திரும்ப வரவழைத்து, சொல்லப்பட்ட விளக்கம் உண்மைதானா என்று சோதித்து, திருத்தத்துக்குக் கீழே தன் பெயரைப் போட்டுப் பொறுப்பேற்பவர் ஒரு மனிதராகத்தான் இருக்க வேண்டியிருக்கிறது. லினக்ஸில் ஒவ்வொரு மாற்றமும் அனுப்புபவரின் பெயர் உறுதிமொழியோடுதான் உள்ளே செல்கிறது.

புதிய மடிக்கணினி வேண்டும் என்று மகள் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் அட்டை இதற்குத் தேவையில்லை. இருக்கும் கணினியில் ரேமை 16 ஜிபி ஆக்கி, ஒரு எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்தாலே கெர்னலைத் தொகுக்கவும் க்யூஎமுவில் ஓட்டவும் போதும். ஆறாம் பருவத் தேர்வு முடிந்ததும் அந்த இரண்டு பக்க அறிக்கையை எழுதச் சொல்லி எனக்கு அனுப்பிவையுங்கள். அதைப் படித்த பிறகு, எம்டெக்கா, நேரடியாக வேலையா என்பதை மூவரும் உட்கார்ந்து பேசலாம்.