"காலிதாம்மா, பயப்படாதீங்க": துப்பாக்கி சுடும் ரேஞ்சில் இதை நம்பலாமா?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. ஆறு மாதமாக எங்கள் ஊர் ரைபிள் கிளப்பில் 10 மீட்டர் ஏர் ரைபிள் பழகுகிறாள். பக்கத்து லேனில் சுடும் கல்லூரி மாணவர் ஒருவர், பிஸ்டலைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பி நின்று நண்பர்களோடு பேசுகிறார், செல்ஃபி எடுக்கிறார். இரண்டு முறை அதன் முனை என் மகளின் நெஞ்சுக்கு நேராக வந்து போனதைப் பார்த்தேன். கோச்சிடம் சொன்னால், "காலிதாம்மா, அதுவும் வெறும் ஏர் பிஸ்டல், பயப்படாதீங்க" என்கிறார். நான்தான் அளவுக்கு மீறிப் பயப்படுகிறேனா? அவளைத் தொடர்ந்து அனுப்பலாமா?
(மேற்கு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: நீங்கள் பயந்தது சரிதான். கோச் சொன்னதில் இரண்டு தப்பு இருக்கிறது. "வெறும் ஏர் பிஸ்டல்" என்பது சின்னத் தப்பு. "காலிதான்" என்பது பெரிய தப்பு.

சின்னதை முதலில் முடித்துவிடுகிறேன். 2016 ஆயுத விதிகளின்படி .177 அங்குல குழல் விட்டத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்போகாத காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம். லைசென்ஸ் வேண்டாம் என்றதுமே பலருக்கு அது பொம்மைக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. உங்கள் மகள் சுடும் ரைபிளின் பெல்லட், அதாவது சின்னக் குண்டு, ஏறக்குறைய அரை கிராம் ஈயம். நொடிக்குச் சுமார் 170 மீட்டர், அதாவது மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் குழலை விட்டுக் கிளம்புகிறது. பிஸ்டலில் வேகம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். பக்கத்து லேன் என்பது கையெட்டும் தூரம். அங்கிருந்து கண்ணில் பட்டால் பார்வை போகும்.

இனி "காலி". போட்டிக்கான ஏர் பிஸ்டலில் ஒரே ஒரு பெல்லட்தான் போடுவோம். விரல் நுனியால் குழலின் பின்வாயில் அழுத்திவிட்டு மூடியை மூடினால் தீர்ந்தது. அதன் பிறகு உள்ளே பெல்லட் இருக்கிறதா இல்லையா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. எடையிலும் தெரியாது. போதாததற்கு, பெல்லட் இல்லாமல் டிரிகரை மட்டும் பழகுவதற்கு "ட்ரை ஃபயர்" வசதி வேறு இருக்கிறது. கொஞ்ச நேரம் ட்ரை ஃபயர், கொஞ்ச நேரம் நிஜம் என்று மாறி மாறிச் சுடுகிறவனுக்கு, கடைசியாகச் செய்தது எது என்பதே மறந்துபோகும்.

எனக்கே நடந்தது இது. பல வருடங்களுக்கு முன், நான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஒரு ரேஞ்சில் டீ வந்துவிட்டது என்று "ஸ்டாப்" கொடுத்தேன். ஒரு பையன் பெல்லட்டைப் போட்டு மூடிய நொடியில் என் குரல் கேட்டிருக்கிறது. நல்ல பையன், சொன்னபடி சுடவில்லை. ரைபிளை அப்படியே ஸ்டாண்டில் வைத்துவிட்டுப் போய்விட்டான். கால் மணி நேரம் கழித்து, புதிதாகச் சேர வந்திருந்த ஒருவர் "தூக்கிப் பார்க்கலாமா சார்?" என்று கேட்டார். டம்ளரைக் கையில் வைத்தபடியே, "பாருங்க, காலிதான்" என்றேன். டப். பெல்லட் பக்கச் சுவரில் போய்ப் பாய்ந்தது. மனிதர் இடப்பக்கம் திரும்பியிருந்தால் அங்கே டீக்காரத் தம்பி நின்றுகொண்டிருந்தான். காரை பெயர்ந்த அந்தக் குழியைப் பூசவேண்டாம் என்று சொல்லிவிட்டு, சுற்றிலும் சாக்பீஸால் வட்டம் போட்டேன். அந்த ரேஞ்சை விட்டு வரும்வரை, அழிய அழிய நானேதான் அதை மறுபடி போட்டுவந்தேன்.

இதில் யாரும் சுடவேண்டும் என்று சுடவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லோரும் இலக்கைப் பார்த்துச் சுட்டுக்கொண்டிருக்கும் நேரம் ரேஞ்சில் நிம்மதியான நேரம். டீ நேரம், இலக்குப் பேப்பர் மாற்றும் நேரம், பெட்டியில் எடுத்து வைக்கும் நேரம், இவைதான் என் வயிற்றைக் கலக்கும்.

சர்வதேசத் துப்பாக்கி சுடும் சம்மேளனமான ஐ.எஸ்.எஸ்.எஃப். இதற்கென்றே ஒரு விதி வைத்திருக்கிறது. சுட அனுமதியில்லாத நேரம் முழுக்கத் துப்பாக்கியில் சேஃப்டி ஃப்ளாக் இருக்கவேண்டும். ஃப்ளாக் என்றால் கொடி என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு நைலான் நரம்பு. ஏர் ரைபிளுக்கும் ஏர் பிஸ்டலுக்கும் அது குழலின் முழு நீளத்துக்கும் ஓடி மறுமுனையில் வெளியே தெரியவேண்டும். உள்ளே பெல்லட் இருந்தால் நரம்பு முட்டி நின்றுவிடும், வெளியே வராது. யாருடைய ஞாபகத்தையும் நம்பவேண்டியதில்லை, பத்தடி தள்ளி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மாவே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ட்ரை ஃபயர்கூட ஃபயரிங் லைனிலோ (சுடுபவர்கள் நிற்கும் கோடு) அதற்கென ஒதுக்கிய இடத்திலோதான் செய்யவேண்டும். ஆட்கள் இலக்குப் பக்கம் போயிருக்கும்போது யாரும் துப்பாக்கியைத் தொடவே கூடாது. அந்த மாணவர் ஒரு முறையான போட்டியில் இப்படித் திரும்பி நின்று செல்ஃபி எடுத்திருந்தால், போட்டியிலிருந்தே நீக்கப்பட வாய்ப்புண்டு.

நரம்பு உள்ளே இருந்தாலும் முனை இலக்கை நோக்கித்தான் இருக்கவேண்டும். எடுத்துப்போவதென்றால் பெட்டியில் வைத்துத்தான்.

அடுத்த முறை போகும்போது அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். மகள் எத்தனை பத்து அடித்தாள் என்று பார்க்கவேண்டாம். "ஸ்டாப்" சொன்னதும் என்ன நடக்கிறது? எல்லோரும் நரம்பைப் போட்டு, துப்பாக்கியை வைத்துவிட்டு, பின்னால் நகர்கிறார்களா? அல்லது ஸ்டாப் என்று யாரும் சொல்வதே இல்லையா, ஒருவர் சுட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் பேப்பர் எடுக்க முன்னால் நடக்கிறாரா? இந்தக் கடைசிக் காட்சியைப் பார்த்தால் அன்றே மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அப்படியே சிலிண்டரையும் ஒரு பார்வை பாருங்கள். ரைபிளில் மாட்டியிருக்கும் காற்றுச் சிலிண்டரை 200 பார் அழுத்தம் வரை நிரப்புவார்கள். கார் டயரில் இருப்பது இரண்டரை பார்கூட இருக்காது. இந்தச் சிலிண்டர்களுக்குப் பத்து வருட ஆயுள்தான். தேதி அதன் மேலேயே பொறித்திருக்கும், அது கடந்துவிட்டதா என்று பார்ப்பது சுடுபவரின் பொறுப்பு என்றே விதியும் சொல்கிறது. நம் ஊரில் பழைய ரைபிள் கைமாறிக் கைமாறி வரும். வாங்கும்போது எல்லோரும் டிரிகரைத்தான் தட்டிப் பார்க்கிறார்களே ஒழிய, சிலிண்டரைத் திருப்பித் தேதி பார்ப்பவர் அபூர்வம். அவசரத்துக்கு ஆக்ஸிஜன் சிலிண்டரிலிருந்து நிரப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஒரு துளி எண்ணெய்ப் பசை இருந்தாலும் வெடிக்கும்.

பெல்லட் ஈயம் என்பதால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறக்க விடாதீர்கள்.

உங்கள் மகள் நாளை வெடிமருந்துத் தோட்டா போடும் .22 ரைபிளுக்குப் போகக்கூடும் என்பதால் இதையும் சொல்கிறேன். 2021 டிசம்பர் 30-ஆம் தேதி புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே, பாதுகாப்புப் படையினரின் துப்பாக்கிப் பயிற்சித் தளம் ஒன்றின் பக்கம், தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. சில நாட்களில் அவன் இறந்துபோனான். தளத்துக்கும் வீட்டுக்கும் இடையே ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். அவர்கள் சுட்டது வேறு வகைத் துப்பாக்கி. ஆனால் .22 தோட்டாவும் ஒரு மைல் வரை போகக்கூடியது. சிலர் துப்பாக்கியை வானத்தைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு "முனை மேலேதானே இருக்கு" என்பார்கள். மேலே போனது எங்கேயாவது இறங்கத்தானே வேண்டும்?

சரி, எப்படிப் பேசுவது? அந்த மாணவரிடம் நேரே போகாதீர்கள், சண்டையாகத்தான் முடியும். பெரும்பாலும் இப்படி நடந்துகொள்பவர் மெடல் வாங்கிய சீனியராக இருப்பார். "அண்ணா" என்று சுற்றிலும் நான்கு பேர் நிற்பார்கள், கோச்சுக்கும் அவரைக் கண்டிக்கத் தயக்கம் இருக்கும். பயிற்சி முடிந்தபின் கோச்சைத் தனியாகப் பிடியுங்கள். "உங்க ரேஞ்ச் சரியில்லை" என்று ஆரம்பித்தால் அவர் காது மூடிவிடும். "சார், இவளுக்கு சேஃப்டி ஃப்ளாக் எங்கே வாங்குறது? மத்தவங்க எது போடுறாங்க?" என்று கேளுங்கள். விஷயம் தெரிந்த கோச்சுக்கு அந்த ஒரு கேள்வியிலேயே புரிந்துவிடும். மறுபடியும் "அதெல்லாம் எதுக்கும்மா, காலிதானே" என்றே பதில் வந்தால் வேறு ரேஞ்ச் தேடுங்கள். அரை மணி நேரம் கூடுதலாகப் பஸ்ஸில் போகவேண்டியிருந்தாலும் பரவாயில்லை.

மகளிடம் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. ஆபத்தாக எது தெரிந்தாலும் "ஸ்டாப்" என்று கத்த அவளுக்கும் உரிமை இருக்கிறது, வயது பார்க்கவேண்டாம். வீட்டில் ஒருமுறை சத்தமாகக் கத்திப் பழகச் சொல்லுங்கள். சிரிப்பு வரும், பரவாயில்லை. பெரியவர்கள் முன்னால் குரல் உயர்த்தாதே என்று வளர்ந்த பிள்ளைக்குத் தொண்டையிலிருந்து அந்தச் சொல் கிளம்புவதே கஷ்டம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களிடமும் ஒன்று சொல்லவேண்டும். அவள் லைனில் நிற்கும்போது பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். அம்மா குரல் கேட்டதும் பிள்ளை திரும்பும், கையில் இருப்பதும் கூடவே திரும்பும். நான் பார்த்த திரும்பல்களில் பாதி "தண்ணி குடிச்சியா?" என்ற கேள்விக்கானவை.

ஃப்ளாக் வாங்க ஆன்லைனில் நூற்றுக்கணக்கில் செலவழிக்கத் தேவையில்லை. தோட்டத்தில் புல் வெட்டும் மெஷினுக்குப் போடும் ஆரஞ்சு நைலான் நரம்பு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். 4.5 மில்லிமீட்டர் குழலுக்குள் 2 மில்லிமீட்டர் நரம்பு தாராளமாக ஓடும். ரைபிளுக்கு ஒரு மீட்டர் போதும். ஒரு முனையில் துணி டேப்பைக் கொடி மாதிரி மடித்து ஒட்டிவிடுங்கள். மிச்சத்தில் அரை மீட்டர் வெட்டி, அந்தப் பக்கத்து லேன் அண்ணாவுக்கும் ஒன்று செய்து உங்கள் மகள் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள்.