மீன் தலைகீழாக மிதக்கிறது, மருந்து வாங்கலாமா?

கேள்வி: 40 லிட்டர் தொட்டி வாங்கி, மறுநாளே இரண்டு உருண்டைத் தங்கமீன்களை விட்டேன். பத்து நாளாகிறது. ஒன்று தீனி தின்றதும் தலை கீழே, வால் மேலேயாக மிதக்கிறது. காலையில் இரண்டுமே மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. காற்றுப்பைக் (மீன் மிதக்க உதவும் உள்ளுறுப்பு) கோளாறு என்று சொல்லி, கடைக்காரர் ஒரு மருந்தைக் காட்டுகிறார். வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். அந்தக் காசுக்கு அம்மோனியா, நைட்ரைட் சோதனைக் கிட் வாங்குங்கள். இரண்டு மீனும் சேர்ந்தாற்போல் மேலே வந்து திணறினால், முதல் சந்தேகம் தண்ணீர் மேல்தான். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவையும், அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட்டையும் மாற்றும் பாக்டீரியா புது ஃபில்டரில் வளர 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை சேரும் அம்மோனியா செவுளை அரிக்கும்.

தண்ணீரில் சொட்டுத் திரவம் விட்டுப் பார்க்கும் வகைக் கிட்டே நல்லது. காகிதப் பட்டை வகையில் பலவற்றில் அம்மோனியா சோதனையே இருக்காது. அட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள், காலாவதி தேதியையும் பாருங்கள். இரண்டு அளவும் 0 காட்ட வேண்டும். 0.25 பிபிஎம் (பத்து லட்சத்தில் கால் பங்கு) தெரிந்தாலே, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீர் தொட்டியின் அதே சூட்டில், குளோரின் நீக்கியதாக இருக்கட்டும். அளவு இறங்கும்வரை தினமும் மாற்ற வேண்டிவரும். ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசினால் வளர்ந்த பாக்டீரியாவும் போய்விடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள். அளவு 0 ஆகியும் திணறினால் ஆக்ஸிஜன் குறைவாக இருக்கலாம். ஏர் பம்ப் போட்டு நீர்மட்டம் நன்றாக அசையும்படி செய்யுங்கள்.

மிதக்கும் மீனுக்கு இரண்டு நாள் தீனி கொடுக்காதீர்கள். குட்டை உடம்புக்குள் நெருக்கிக்கொண்டிருக்கும் குடல் புடைத்தால் காற்றுப்பையை அழுத்தும். மிதக்கும் தீனியோடு காற்றையும் விழுங்கும். பிறகு, வேகவைத்துத் தோலுரித்த பட்டாணியைக் கொஞ்சம் நசுக்கிப் போடுங்கள். அடுத்து, மூழ்கும் குருணையை ஊறவைத்துக் கொடுங்கள். வயிறு காலியாக இருக்கும்போதும் கவிழ்ந்தே கிடந்தால்தான் நோய்த்தொற்றையோ பிறவிக் கோளாறையோ யோசிக்க வேண்டும்.

அப்படி மருந்து வாங்க நேர்ந்தால், என்ன வேதிப்பொருள் என்று அச்சிடாத புட்டியைத் தொடாதீர்கள். ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், மருந்தை அது உறிஞ்சிவிடும். 40 லிட்டர் தொட்டியில் கல்லும் மணலும் போக, தண்ணீர் குறைவாகவே இருக்கும். உள்ள தண்ணீருக்குத்தான் மருந்தின் அளவு.

இன்னொன்று, இரண்டு தங்கமீனுக்கு இந்தத் தொட்டி சிறிது. மருந்தைக் காட்டியவர் இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.