பண்டாரியும் கடலோடிதான்

அன்புள்ள ஐயா,

கப்பல் தொழிலாளர் உரிமைகள் பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். செய்லர், மரினர், சீமேன், சீஃபேரர் என்று ஆங்கிலச் சொற்கள் மாறி மாறி வருகின்றன. நான்கையும் 'மாலுமி' என்றே எழுதிவிட்டேன். இவற்றுக்குள் பெரிய வேறுபாடு உண்டா?

அன்புள்ள நண்பருக்கு,

செய்லர் பொதுப்பேச்சில் வரும் சொல். பாய்மரம் போன பிறகும் பாயின் பெயரைச் சுமக்கிறது. மரினர் லத்தீன் வழி வந்தது, கேப்டனின் தகுதிச் சான்றிதழில் பார்க்கலாம். இந்த இரண்டையும் எப்படி எழுதினாலும் கேடில்லை.

சீமேன் அப்படியல்ல. 1823-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. இந்தியாவிலிருந்து கப்பலேறிய லஸ்கர்கள் எனப்பட்ட கப்பல் தொழிலாளர்கள், பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட மண்ணில் பிறந்திருந்தாலும், பிரிட்டிஷ் சீமேன் ஆகமாட்டார்கள் என்றது அது. அதே கப்பல், அதே புயல், அதே கரி அடுப்பு. ஆனால் லஸ்கருக்குத் தனி ஒப்பந்தம், குறைந்த கூலி, படுக்கக் குறைந்த இடம். ஒரு சொல்லுக்கு வெளியே நிறுத்தியே இத்தனையும் செய்தார்கள். நீங்களோ எல்லாம் ஒன்றுதானே என்று கேட்கிறீர்கள்!

என் சித்தப்பா தூத்துக்குடியில் கப்பலேறியவர். சரக்குக் கப்பலில் பண்டாரி, அதாவது சமையல்காரர். விடுமுறைக்கு வந்தால் தெருவில் "மாலுமி வந்தாச்சு" என்பார்கள். "நான் மாலுமி இல்லப்பா, பண்டாரி" என்று ஒவ்வொருவரிடமும் திருத்துவார். ஒருமுறை கப்பல் ஆடியதில் கொதிக்கும் எண்ணெய் வலது கையில் கொட்டியது. ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நஷ்டஈடு கேட்டபோது ஏஜென்ட் சொன்ன பதில்: "அதெல்லாம் மாலுமிகளுக்கு. குக்குக்குக் கிடையாது." பச்சைப் பொய். அப்போது நடப்பில் இருந்த 1958-ன் இந்திய வணிகக் கப்பல் சட்டத்தில் சீமேன் என்றால், கேப்டன் போன்ற சிலர் நீங்கலாக, கப்பலின் பணியாளர் எல்லாரும்தான். சித்தப்பா நம்பிவிட்டார். மாலுமி என்ற சொல்லுக்குள் அவர் தன்னை ஒருநாளும் வைத்துப் பார்த்ததில்லையே. அரபியின் 'முஅல்லிம்' என்பதிலிருந்து வந்த சொல் அது. வழி தெரிந்த ஆசான் என்று பொருள். அடுப்படியில் நிற்பவர் அதைத் தன் பெயராக எப்படி எடுத்துக்கொள்வார்?

சீஃபேரர் என்ற சொல்லை 2006-ன் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை அகலமாகத் திறந்து வைத்திருக்கிறது. கப்பலில் எந்த வேலை செய்பவரானாலும் அதில் அடக்கம். சொகுசுக் கப்பலில் தட்டு கழுவுகிற பையனும் சீஃபேரர்தான். அந்தக் கதவை நீங்கள் தமிழில் சாத்திவிட்டீர்கள். கதை, கட்டுரை என்றால் விட்டிருப்பேன். இது உரிமைக் கையேடு, ஐயா. கை வெந்து கரையிறங்குகிற ஒருவர் இதைப் புரட்டிப் பார்ப்பார்.

சரி, வேலையைப் பாருங்கள். சீஃபேரர் வரும் இடமெல்லாம் 'கடலோடி' என்று மாற்றுங்கள். முதல் பக்கத்திலேயே, பெரிய எழுத்தில், 'சமையல்காரர் உட்பட' என்று சேருங்கள். விபத்து இழப்பீடு பற்றிய பகுதி முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள். சித்தப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது, நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.