கரண்ட் போனால் கொலையாளி மாட்டுவான்: ஒரு க்ரைம் எழுத்தாளரின் கேள்வி பதில்

கொலையாளி யாரென்று உங்களுக்கு முதலிலேயே தெரியுமா?

தெரியும். தெரியாமல் ஒரே ஒரு தொடர்கதை எழுதினேன். வேறு வழியில்லாமல் கடைசி வாரம் சமையல்காரர் தலையில் பழியைக் கட்டினேன். வாசகர் கடிதங்களில் வாங்கிக் கட்டிக்கொண்டது நான். இப்போதெல்லாம் முடிவை ஒரு பக்கத்தில் எழுதி வைத்த பிறகுதான் முதல் வரிக்கே போகிறேன்.

"இரவு 10.20க்கு இறந்திருக்கிறார்" என்று டாக்டர் சொல்வதுபோல எழுதலாமா?

வேண்டாம். எந்த டாக்டரும் அப்படி நிமிடக் கணக்கில் சொல்ல மாட்டார். விறைப்பு முதலில் கண் இமை, தாடை, கழுத்தில் தெரியும், அப்புறம்தான் கை கால். உடம்பு முழுக்க விறைக்கச் சுமார் 12 மணி நேரம், அப்படியே இருப்பது 12, தளர இன்னொரு 12 என்று ஒரு பழைய கணக்கு உண்டு. ஆனால் சித்திரை வெயிலில் சீக்கிரம் விறைத்துச் சீக்கிரம் தளர்ந்துவிடும். குளிரில் எல்லாமே தாமதம்.

இந்தத் தடுமாற்றம்தான் நமக்குத் தீனி. என் கதை ஒன்றில், நேரத்தைக் குழப்புவதற்காக ஏசியை 16-இல் ஓடவிட்டுப் போகிறான் கொலையாளி. நடுராத்திரி கரண்ட் போய் வருகிறது. பழைய ஏசி, தானாக ஓடவில்லை. காலையில் கதவை உடைத்தால் உள்ளே புழுக்கம், ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கிறது, ஃபேன் மட்டும் சுற்றுகிறது. கட்டிலில் இருப்பவரோ கழுத்துவரை கம்பளி போர்த்தியிருக்கிறார். இன்ஸ்பெக்டர் அந்தக் கம்பளியைத்தான் பிடித்துக்கொள்கிறார்.

கைக்குட்டையில் குளோரோஃபார்ம்?

மயங்கச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் தெருவே கூடிவிடும்.

கொலை வழக்குக்கு இன்னும் 302 என்றே எழுதலாமா?

கொலை நடந்த தேதியைப் பாருங்கள். 2024 ஜூலை 1-க்கு முன்பு என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302, அன்றோ பிறகோ என்றால் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103. அதைவிடப் பெரிய தப்பு ஒன்று பலரும் செய்கிறார்கள். இன்ஸ்பெக்டரிடம் குற்றவாளி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதும் 'முற்றும்' போட்டுவிடுகிறார்கள். போலீஸிடம் சொன்ன அந்த ஒப்புதலைக் கோர்ட்டில் சாட்சியமாக ஏற்க மாட்டார்கள். அவன் சொன்னதை வைத்துக் கிணற்றிலிருந்து அரிவாளை எடுத்தால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பேச்சு மட்டும் செல்லும். ஆகவே ஒப்புதலுக்கு அப்புறமும் உங்களுக்கு இரண்டு அத்தியாயம் பாக்கி இருக்கிறது.

இதை மட்டும் நம்பிப் பிழைக்க முடியுமா?

வேலையை விட்டுவிடாதீர்கள்.

போலீஸ் நடைமுறையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டீர்கள்?

பெரும்பாலும் ரிடையரான ஒரு ஏட்டையாவிடம், டீக்கடை பெஞ்சில். அதற்கு முன்பு ஒருமுறை தைரியமாக ஸ்டேஷனுக்கே போனேன். வாசலில் பாராவில் நின்றவர் யாரென்று கேட்டார். "நான் ரைட்டர்" என்றேன். சட்டென்று விறைப்பாக நின்று, "எந்த ஸ்டேஷன் சார்?" என்றார்.